ரெயின் லில்லி: இலை செழிக்கிறது, பூ இல்லை. என்ன தவறு? (கடலூர், மொட்டை மாடி)

தேவனாம்பட்டினம் மாடி:

வணக்கம். ரெயின் லில்லி பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளை, ரோஸ், மஞ்சள் மூன்றும் சேர்த்து எட்டுத் தொட்டி, எல்லாம் 10 அங்குலம். கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் மொட்டை மாடி. காலை 8 மணியிலிருந்து 2 மணி வரை நேர் வெயில். போன ஆவணியில் நர்சரியில் வாங்கும்போது எல்லாமே பூவோடு இருந்தன. அதன்பிறகு இந்த ஆனி வரை வெள்ளையில் நாலு பூ, மற்றதில் ஒன்றுகூட இல்லை.

இலைக்குக் குறைவில்லை, புல் மாதிரி அடர்ந்திருக்கிறது. ஆனால் நுனி ஒரு அங்குலம் பழுப்பாகிக் காய்கிறது. கலவை: பாதி கோகோபீட், கால் செம்மண், கால் மண்புழு உரம். தினமும் காலையில் தொட்டிக்கு ஒரு சொம்பு போர் தண்ணீர். 15 நாளுக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல். கிழங்கு இரண்டு, இரண்டரை அங்குல ஆழத்தில் இருக்கிறது. கார்த்திகை மழையில் ஒரு ரோஸ் தொட்டி முழுக்க அழுகிப்போனது.

தண்ணீரை நிறுத்திப் பட்டினி போட்டால் பூக்கும் என்கிறார்கள். எத்தனை நாள்? மூன்று நிறத்துக்கும் ஒரே கணக்கா?


லாஸ்பேட்டை கிழங்கு:

பட்டினி சரிதான். ஆனால் மூன்றுக்கும் ஒரே கணக்கு கிடையாது. நர்சரியில் எல்லாமே ‘ரெயின் லில்லி’தான், பெயர்ச் சீட்டை நம்பாமல் இலையைப் பாருங்கள்.

வெள்ளையின் இலை உருண்டு தடித்து, வெங்காயத்தாளைச் சுருக்கிய மாதிரி நிமிர்ந்து நிற்கும். அது செபிராந்தஸ் கேண்டிடா. அர்ஜென்டினா, உருகுவே பக்கத்து ஈர நிலத்துச் செடி. முழுக்கக் காயப் போட்டால் சோர்ந்துவிடும். ரோஸில் பூ 6 முதல் 8 செ.மீ. விரிந்து, இலை பட்டையாக, அடிப்பகுதி செம்பு நிறமாக இருந்தால் அது கேரினேட்டா. சீட்டில் பெரும்பாலும் ‘ரோசியா’ என்று எழுதியிருக்கும். அசல் ரோசியாவின் பூ 3 செ.மீ.தான், தொண்டை பச்சையாக இருக்கும். அது கியூபா பக்கத்துச் செடி. கேரினேட்டா மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தது. சின்ன மஞ்சள் பூ, ஒடிசலான இலை என்றால் சிட்ரினா. ரோஸும் மஞ்சளும் நல்ல காய்ச்சலை, அதாவது தண்ணீரில்லாமல் மண் காய்வதை, தாங்கும். தாங்கும் என்பதைவிட, அது கிடைத்தால்தான் பூக்கும் என்று சொல்லலாம்.

காரணம் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. பூக்கும் பருவத்துக் கிழங்கு ஒன்றை நெடுக்கே இரண்டாக வெட்டிப் பாருங்கள். செதில் அடுக்குகளுக்கு நடுவில் நொய்யரிசி மாதிரி வெளிறிய மொட்டு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். நன்றாகக் காய்ந்த மண்ணில் ஒரு பெரிய நனைப்பு விழுந்தால்தான் அது காம்பை நீட்டி மேலே வரும். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் மண் காய்வதும் இல்லை, அடிவரை நனைவதும் இல்லை. செடிக்கு மழை வந்தது என்ற சேதியே போவதில்லை.

கணக்கு இதுதான். ரோஸ், மஞ்சள்: 3 முதல் 4 வாரம் சொட்டுத் தண்ணீர் கூடாது. இடையில் கோடை மழை வந்து கெடுக்காதபடி தொட்டியை சன்ஷேடுக்கு அடியில் தள்ளி வையுங்கள், வெளிச்சம் மட்டும் குறையக் கூடாது. பாதி இலை மஞ்சளாகிச் சாயும், பயப்பட வேண்டாம். வாரம் ஒருமுறை ஓரத்தில் மண்ணை விலக்கி ஒரு கிழங்கைக் கிள்ளிப் பாருங்கள். சின்ன வெங்காயம் மாதிரி கெட்டியாக இருந்தால் விட்டுவிடலாம். தொளதொளவென்று சுருங்கியிருந்தால் நாள் கணக்கைப் பார்க்காமல் அன்றே தண்ணீர் விடுங்கள். வெள்ளைக்கு 10 நாள் போதும்.

பிறகு நனைப்பு. மாலையில் தொட்டியின் அடியில் ஓடும்வரை மெதுவாக ஊற்றி, அரை மணி கழித்து மறுபடியும் அதேபோல ஊற்றுங்கள். மறுநாளும் ஒருமுறை. மூன்றாம், நாலாம் நாள் இலைக்குத்தின் ஓரத்தில், மண் மட்டத்தில் பாருங்கள். ரோஸில் பென்சில் கூர் மாதிரி சிவந்த முனை ஒன்று தலைகாட்டும். மறுநாள் விரல் நீளம், அதற்கடுத்த நாள் பூ. மஞ்சள் பெரும்பாலும் ஒரு நாள் முந்தும். ஒரு பூ ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். குத்தில் கிழங்கு அதிகம் இருந்தால் நாலைந்து நாள் மாற்றி மாற்றி வரும். முடிந்ததும் 10 முதல் 15 நாள் சாதாரணமாகத் தண்ணீர், பிறகு மறுபடி காய்ச்சல். ஆனிக்கும் புரட்டாசிக்கும் நடுவில் இரண்டு சுற்று தாராளமாக எடுக்கலாம்.

அக்னி நட்சத்திரத்தில் மட்டும் இந்த வேலையை மாடியில் செய்யாதீர்கள். தளத்துச் சூட்டில் கறுப்புத் தொட்டிக்குள் கிழங்கு வெந்துவிடும்.

இன்னொன்று. செபிராந்தஸ் என்றால் கிரேக்கத்தில் மேல்காற்றுப் பூ என்று பொருள். நமக்கும் ஆடி, ஆவணி மாலையில் இடிமழை மேற்கிலிருந்துதான் ஏறி வருகிறது. அந்த மழைக்கு நாலைந்து நாள் கழித்து பாண்டியில் எந்தத் தெருவில் நடந்தாலும் வாசல் தொட்டிகளில் இந்தப் பூ நிற்கும்.


கேப்பர் மலை செம்மண்:

லாஸ்பேட்டை சொன்னது நல்ல மண்ணில் இருக்கும் செடிக்கு. கேள்வியில் உள்ள தொட்டிகளை அப்படியே பட்டினி போட்டால் பலன் பாதிதான் வரும். நுனி ஒரு அங்குலம் காய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதுதான் முதல் நோய். உப்பு.

தேவனாம்பட்டினம் போன்ற கடலோரத்தில் போர் தண்ணீரை அளக்காமல் தொட்டிக்கு ஊற்றக் கூடாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 500 பி.பி.எம்.முக்குள் இருந்தால் கவலையில்லை. 500 முதல் 1,000 வரை சமாளிக்கலாம், மாதம் ஒருமுறை மண்ணைக் கழுவ வேண்டும். அதற்கு மேலே போனால் தொட்டிச் செடிக்கு வேறு தண்ணீர் தேடுங்கள். தினமும் ஒரு சொம்பு ஊற்றும்போது தண்ணீர் அடியில் வெளியேறுவதே இல்லை. நீர் ஆவியாகப் போய்விடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான். கோகோபீட்டையும் சரியாக அலசாமல் போட்டிருந்தால் அதன் உப்பும் சேரும். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடும் பழக்கம் பல வீட்டில் இருக்கிறது. இந்தச் செடிக்கு வேண்டவே வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் குவிந்திருக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்லது, பக்கெட் வைத்துப் பிடியுங்கள்.

அடுத்தது கலவை. பாதி கோகோபீட் என்பது ஊட்டிக்கு ஒத்துவரலாம், ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் மழை நிற்கும் கடலூருக்கு ஆகாது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே பஞ்சு மாதிரி ஈரம் பிடித்து வைத்திருக்கும். அழுகிய ரோஸ் தொட்டிக்கு அதுதான் காரணம். ஆழமும் கூடிவிட்டது. செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ 1 பங்கு. 8 அங்குலத் தொட்டிக்கு வேப்பம் புண்ணாக்கு 20 கிராம், எலும்புத்தூள் ஒரு மேசைக்கரண்டி. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டை பக்கெட்டில் போட்டு, கலங்கல் போய்த் தண்ணீர் தெளியும்வரை நாலைந்து முறை அலசுங்கள். அலசாமல் போட்டால் அந்தத் தூள் மண்ணோடு சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். கடல் மணல் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும்தான் அதில் இருக்கும்.

தொட்டி மாற்றும் விதம்: ஐந்து நாள் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கவிழ்த்து உதறுங்கள். கறுத்து நசநசத்த வேரை வெட்டிவிட்டு, வெளுத்து விறைப்பாக இருக்கும் வேரை விட்டுவிடுங்கள். கிழங்குகளை அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும். குறுக்கே 1.5 செ.மீ.க்கு மேல், அதாவது நடுத்தரச் சின்ன வெங்காயம் அளவு இருப்பவைதான் இந்த வருடம் பூக்கும். துவரை, மொச்சை அளவுக் குட்டிகளைத் தனியாக ஒரு தொட்டியில் போட்டு வளருங்கள், ஒரு வருடமாவது ஆகும். இரண்டையும் கலந்து நட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுவதுதான் வழக்கமாக நடப்பது.

கிழங்கின் கழுத்து மண் மட்டத்தில் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். 8 அங்குலத் தொட்டிக்கு 10 முதல் 12 கிழங்கு, நடுவில் இரண்டு விரல் இடைவெளி. விசாலமாக இருக்கட்டும் என்று ஐந்தே கிழங்கைப் பெரிய தொட்டியில் நடாதீர்கள். வேர் பிடிக்காத மண்ணில் ஈரம் தங்கும், பூவும் தள்ளிப்போகும். நெருங்கி வளர்ந்த குத்துதான் நன்றாகப் பூக்கும். அதனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்தால் போதும், ஆண்டுதோறும் கிளறக் கூடாது.

கடலைப் புண்ணாக்கை நிறுத்துங்கள். அது தழைச்சத்து, புல் மாதிரி இலை வந்ததற்குக் காரணம் அதுதான். பூ முடிந்தபின் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை. காய்ச்சலில் இருக்கும்போது எந்த உரமும் கூடாது. அடுப்புச் சாம்பல் போடச் சொல்வார்கள், ஏற்கெனவே கடின நீர் ஊற்றிய மண்ணுக்கு அது மேலும் காரத்தைத்தான் ஏற்றும்.

முக்கியமானது: தொட்டி மாற்றிய கையோடு பட்டினியைத் தொடங்காதீர்கள். புது வேர் பிடிக்க 5, 6 வாரம் வேண்டும்.


தேவனாம்பட்டினம் மாடி:

இருவருக்கும் மிக்க நன்றிங்க. பக்கத்து வீட்டில் மீட்டர் வாங்கி அளந்தேன், 1,640 காட்டுகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையும் இருக்கிறது. எட்டையும் இப்போதே மாற்றலாமா?

இன்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. மஞ்சள் தொட்டியில் சில இலைகளின் நுனி டிரேசிங் பேப்பர் மாதிரி வெளுத்துக் கண்ணாடியாகத் தெரிகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கறுப்பாக ஏதோ நகர்கிறது. பக்கத்து இலையில் கறுப்புப் புழு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, தலை செம்மஞ்சள்.


வில்லியனூர் பச்சை:

அது லில்லிப் புழு, பிரித்திஸ் கிரினி என்ற அந்துப்பூச்சியின் புழு. தொட்டி மாற்றுவதைத் தள்ளிவைத்துவிட்டு இன்று மாலையே இதைக் கவனியுங்கள். ஒரு வாரம் விட்டால் இலையை முடித்துவிட்டுக் கிழங்குக்குள் இறங்கிவிடும்.

அந்துப்பூச்சி இலையில் கும்பலாக முட்டை வைக்கும். குஞ்சுப் புழு இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் புகுந்து பச்சையை மட்டும் தின்னும். நீங்கள் பார்த்த கண்ணாடி நுனி அதுதான். அந்த நிலையில் மேலே எதைத் தெளித்தாலும் உள்ளே போகாது. கண்ணாடி மாதிரி தெரியும் இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே, பச்சை இலையோடு சேர்த்து வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வெட்டிய இலையைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுவைத்தால் புழு திரும்பி ஏறிவிடும். வெளியே தெரியும் பெரிய புழுவைக் கையால் எடுத்துவிடலாம். இரவு 8 மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பார்த்தால் இன்னும் பிடிபடும்.

அதன்பிறகு பி.டி. பொடி (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) லிட்டருக்கு 2 கிராம், சூரியன் இறங்கியபின் இலையின் அடிவரை நனையத் தெளியுங்கள், 5 நாள் கழித்து இன்னொருமுறை. வெயிலில் அடித்தால் வீரியம் போய்விடும். கிடைக்காவிட்டால் வேப்பெண்ணெய் 5 மி.லி., காதி சோப்புக் கரைசல் 2 மி.லி., ஒரு லிட்டர் தண்ணீர். எண்ணெயையும் சோப்பையும் முதலில் குழைத்து, பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். வேப்பெண்ணெய் முட்டையிடுவதைக் குறைக்கும், பெரிய புழுவைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம். புழு மண்ணில்தான் கூட்டுப்புழுவாகும் என்பதால் மேல்மண்ணை 4, 5 செ.மீ. கிளறிச் செம்பழுப்புக் கூடுகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். இலை முழுக்கப் போனாலும் கிழங்கு கெட்டியாக இருந்தால் மறுபடி துளிர்க்கும். அமரில்லிஸ், விஷமூங்கில் லில்லி எல்லாம் பக்கத்தில் இருந்தால் அதையும் பாருங்கள். எல்லாம் ஒரே குடும்பம், புழு அங்கிருந்துதான் வந்திருக்கும்.

தொட்டியைக் கவிழ்க்கும்போது கிழங்கின் கழுத்தில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். மாவுப்பூச்சி செதிலுக்கு இடையில் ஒளிந்திருக்கும். தொட்டியில் எறும்பு வரிசை போனால் அநேகமாக அது இருக்கும். பழைய டூத் பிரஷால் ஓடும் தண்ணீரில் தேய்த்து, மேலே சொன்ன வேப்பெண்ணெய்க் கரைசலில் 10 நிமிடம் போட்டு, நிழலில் ஒரு நாள் ஆறவைத்து நடுங்கள். இலையிலும் காம்பிலும் செங்கல் நிறத்தில் கீறல் மாதிரி புள்ளிகள் வந்தால் அது பூஞ்சை. அந்த இலையை வெட்டிவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி மண்ணில் மட்டும் ஊற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.


லாஸ்பேட்டை கிழங்கு:

1,640 என்றால் கேப்பர் மலை சொன்னதே சரி, பட்டினி இரண்டாவது வேலைதான். எட்டையும் மாற்ற வேண்டாம். ரோஸையும் மஞ்சளையும் மாற்றுங்கள். வெள்ளை ஈரத்துக்குப் பழகிய செடி, அந்தக் கோகோபீட் கலவையில் இந்த மழை வரை சமாளிக்கும். அதை மாற்றாமல் கழுவிவிடுங்கள். தொட்டி கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீர், 10 அங்குலத் தொட்டிக்கு ஏறக்குறைய 25 லிட்டர், ஒரே மூச்சில் கொட்டாமல் ஒரு மணி நேரத்தில் சிறுகச் சிறுக. போர் தண்ணீரிலேயே கழுவுவதைவிட முதல் பெருமழையில் நடுமாடியில் திறந்துவைப்பது மேல்.

இன்றைய தேதிக்குக் கணக்கு: ஆனிக் கடைசியில் மாற்றினால் ஆவணித் தொடக்கத்தில் வேர் பிடித்திருக்கும். அங்கிருந்து 3 வாரம் சன்ஷேடுக்கு அடியில் காய்ச்சல். பிறகு நனைப்பு. புரட்டாசிக்குள் ஒரு சுற்றுப் பூ பார்த்துவிடலாம், பெருமழை தொடங்குவதற்கு முன்பே.


நெல்லிக்குப்பம் வரப்பு:

வெள்ளைக்கு 10 நாள் காய்ச்சலும் மாடியில் அதிகம் என்பது என் கருத்து. தரையில் நட்டதற்கு 10 நாள் சரி. மாடித் தொட்டியில், அதுவும் கடல் காற்றில், ஆறு நாளிலேயே கலவை சுவரைவிட்டு விலகி நிற்கும். அந்த விரிசல் தெரிந்ததும் நனைத்துவிடுங்கள். வெள்ளை காய்ச்சலைவிட மழைக்காலக் குளுமைக்குத்தான் அதிகம் பூக்கிறது. ஐப்பசியில் தானாகவே வரும்.

பெருமழைக்கு இப்போதே தயாராகுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு இருக்கக் கூடாது. இரண்டு செங்கல் மேல் தூக்கிவைத்து, அடித் துளையில் கம்பியை விட்டு அடைப்பு இருக்கிறதா பாருங்கள், வேரே துளையை மூடியிருக்கும். தாழ்வு மண்டலம் என்று மூன்று நாள் விடாமல் பெய்யும்போது ரோஸையும் மஞ்சளையும் ஒரு செங்கல்லில் சாய்த்துவைத்தாலே பாதித் தண்ணீர் வெளியே ஓடிவிடும். புயல் எச்சரிக்கை என்றால் எல்லாவற்றையும் படிக்கட்டுக்கு அடியில் இறக்கிவிடுங்கள். மழைக்குப் பின் ஒரு குத்து மட்டும் மஞ்சளாகி, இலையைப் பிடித்து இழுத்தால் அடியோடு கழன்று வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. மோந்தால் தெரியும். அன்றே கவிழ்த்து, கெட்டியான கிழங்குகளைப் பிரித்து நிழலில் மூன்று நாள் உலர்த்தி, புது மண்ணில் நடுங்கள். அந்த மண்ணில் ஒரு கிலோ தொழு உரத்துக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) கலந்துகொள்ளலாம்.


தேவனாம்பட்டினம் மாடி:

நேற்று இரவு டார்ச் அடித்து 14 புழு எடுத்தேன். மஞ்சளில் மூன்று மூலையோடு ஒரு பச்சைக் காய் நிற்பதையும் அப்போதுதான் பார்த்தேன். அப்படியென்றால் எப்போதோ ஒரு பூ வந்து கண்ணில் படாமலே போயிருக்கிறது. அதில் விதை எடுக்கலாமா? ரோஸிலும் வருமா?


கேப்பர் மலை செம்மண்:

மஞ்சளில் தாராளமாக வரும். பெரிய ரோஸில் காய் பிடிப்பது அரிது, அதைக் கிழங்கு பிரித்துத்தான் பெருக்க வேண்டும்.

காய் பச்சையிலிருந்து வெளிறி மூன்றாகப் பிளக்கும் நாளில் எடுங்கள், ஒரு நாள் தாமதித்தால் கடல் காற்று கொண்டுபோய்விடும். கருகிய காகிதத் துண்டு மாதிரி கறுத்துத் தட்டையான விதைகள். இவற்றைப் பொட்டலம் கட்டிவைக்கக் கூடாது, நாளாக ஆக முளைப்பு குறையும். ஒரு வாரத்துக்குள் போடுங்கள். 3 அங்குல ஆழத் தட்டில் செம்மண்ணும் மணலும் சமபங்கு, விதையைப் படுக்கையாகப் பரப்பி, மேலே 3 மி.மீ. மணல் தூவி, பூத்தெளிப்பானில் நனைத்து அரை நிழலில் வையுங்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் தலைமுடி மாதிரி முளை வரும். புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். முதல் வருடம் முழுக்க நாற்றுக்குக் காய்ச்சல் கூடாது. பூக்க ஒன்றரை முதல் இரண்டு வருடம். இதற்கு அந்த 1,640 தண்ணீர் ஒரு துளிகூட வேண்டாம், நாற்று கருகிவிடும்.

பிரித்த கிழங்குகளை மாடியில் உலர்த்தும்போது கூடையில் பெயர் எழுதி ஒட்டுங்கள். பார்வைக்கு அப்படியே சின்ன வெங்காயம், ஆனால் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது, தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வெங்காயத்தாள், பூண்டுத்தாள் வளர்க்கும் தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளை ரெயின் லில்லியை வைக்காதீர்கள். இலையும் ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகம் வந்தால் இலையைக் கசக்கி மோந்து பாருங்கள், வெங்காய வாசனை இல்லாவிட்டால் சமையலுக்கு ஆகாது.